மூன்று ஆபீசுக்கும் ஒரே மூட்டை

அடைக்கலமேரி தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே வருவது போலிருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளைக் கொஞ்சம் ஒருக்களித்து, எதன் மேலும் பட்டுவிடாமல் மிதந்து வருவாள். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் இதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். திமிர் என்றது ஒரு கட்சி. பார்வை மட்டு என்றது இன்னொரு கட்சி. முப்பது தாண்டியும் கழுத்து மொட்டையாக இருக்கிறதே, அந்த ஏக்கம் என்றது குழாயடி. குழாயடிக்கு எதைக் கேட்டாலும் அந்த ஒரு காரணம்தான் தெரியும்.

உண்மைக் காரணம் அவள் வேலை. துறைமுகத்து ரயில் பாதையை ஒட்டி ஆட்லி மெர்வின் கப்பல் ஏஜென்சிக்கு ஒரு மாடிக் கட்டடம். கீழே கணக்கு, சுங்கம், சண்டை எல்லாம். மேலே கடலைப் பார்த்து ஒரே ஓர் அறை. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, வீட்டில் துணி காயப் போடுவது போல ஸ்டென்சில் காயப் போட்டிருப்பார்கள். ஸ்டென்சில் என்றால் மெழுகு பூசிய நீலத்தாள். ரிப்பனை விலக்கிவிட்டு அதில் டைப் அடித்தால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி வெளிச்சம் புகும். அதை சைக்ளோஸ்டைல் மெஷின் உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கடிதம் ஊர்ப்பட்ட கடிதமாகும். வேலை முடிந்ததும் துடைத்துக் காயப்போட்டால் அடுத்த தடவைக்கு ஆயிற்று. காயாத மை புடவையில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அந்த நீலத்தாள்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக ஒருக்களித்து நடந்து நடந்து, பாவம், அவளுக்கு உலகமே ஈரமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மத்தியானத்தில் அந்த அறையைப் பார்க்க வேண்டும். வெயில் கடலில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியாக வரும். தாள்களின் எழுத்துத் துளைகளில் நுழைந்து பொடிப்பொடியாக உதிரும். சுவரிலும், அவள் முழங்கையிலும், மெஷின்மேலும் மீன் செதில் கொட்டினது போல வெளிச்சம் நெளியும். காற்று அசைந்தால் அறையே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும். கீழே யாரோ சரக்கு வரவில்லையென்று கத்துவது எங்கேயோ கரையில் கேட்பது போல மங்கலாகக் கேட்கும்.

அந்தத் தண்ணீருக்குள் அவளோடு இருந்த இன்னொரு ஜீவன் அருள்நாதன். மெஷின் சுற்றுவது, ஸ்டென்சில் துடைப்பது, கொடியில் மாட்டுவது அவன் வேலை. ஐந்து தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்த களைப்பில் தன் விஷயத்தை மறந்துபோன மனுஷன். வாயைத் திறந்தால் மை கொட்டிவிடும் என்பது போல இருப்பான். ஆனால் டீ வந்ததும், மைத் தூசி விழாமல் அவள் டம்ளர்மேல் ஒரு அட்டையை மூடி வைப்பான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. தன் டம்ளரை மூடிக்கொண்டதும் இல்லை. டீ கொண்டுவருகிறவர் மூலம் இந்தச் சேதி குழாயடிக்கு வந்து ரொம்ப நாளாகிறது. குழாயடி அதை நிச்சயதார்த்தத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும்தான் யாரும் சொல்லவில்லை.

இனி பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறையின் மூலையில் ஒரு இரும்பு பீரோ. கம்பெனி யாருக்கு என்ன எழுதுவதானாலும் அதற்கு மாதிரி அதற்குள்தான் இருந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கம்பெனிக்கு மூன்று ஆபீஸ். மூன்றுக்கும் பொதுவாக ஒரே பீரோ. ஒரு காலத்தில் மூன்று ஆபீசும் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தன. ஒரே ஆளை ராயபுரம் 'நிரந்தர ஊழியர்' என்றும் எண்ணூர் 'தற்காலிக ஊழியர்' என்றும் எழுதி, அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு லேபர் கோர்ட்டுக்குப் போய் கம்பெனியின் மானத்தை வாங்கினார். அன்றைக்கு மேனேஜர் ஒரு சட்டம் போட்டார். மூன்று ஆபீசுக்கும் ஒரே வாசகம். மூன்று ஹெட்கிளார்க்கும் கையெழுத்துப் போட்ட மாதிரியிலிருந்துதான் ஸ்டென்சில் அடிக்க வேண்டும். பெயருக்கு மட்டும் இடம் விட்டு அந்த ஸ்டென்சிலில் ஓட்டி வைத்ததைத் தவிர வேறு கடிதம் வெளியே போகக் கூடாது. பீரோச் சாவி அடைக்கலமேரியிடம்.

மாதிரிகளுக்கு நம்பர் இருந்தது. நம்பர் யாருக்கு ஞாபகம்? ஆபீஸ் வைத்த பெயர்கள் வேறு. எச்சரிக்கைக் கடிதத்துக்குக் 'குட்டு'. ஓய்வு பெறுகிறவருக்குப் போவது 'மாலை'. வேற்றூருக்கு மாற்றும் கடிதத்துக்கு 'மூட்டை'. "யாருக்கோ மூட்டை வருதாம்" என்று கீழே பேச்சு அடிபட்டால் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

பொதுச் சொத்து என்றால் நம் ஜனங்கள் எப்படி என்பது தெரிந்ததுதானே. திருவொற்றியூர் ஹெட்கிளார்க் கிருஷ்ணப்பன் ராயபுரம் வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து, கொடியில் தொங்கும் ஸ்டென்சிலில் ஊசியால் 'உடனடியாக' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கீறிவிட்டுப் போவார். அவருக்கு எதுவும் உடனடியாக நடக்க வேண்டும். எண்ணூர் வேலப்பன் வந்தால் சிவப்புத் திரவத்தை எடுத்து அந்த வார்த்தையின் மேல் பூசி அடைத்துவிட்டு, ஓரத்தில் 'தயவுகூர்ந்து' என்று கீறுவார். ராயபுரம் கஸ்பாருக்கு இரண்டும் பிடிக்காது. கல்லிலேயே எழுதின கடவுளே பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டார், இவர்களுக்கு என்ன என்பார். மூன்று பேரும் போன பிறகு அடைக்கலமேரி உட்கார்ந்து, மாதிரியை எடுத்து, பழையபடி புது ஸ்டென்சில் அடிப்பாள். ஆத்திரப்பட மாட்டாள். அலை வந்து கோலத்தை அழித்தால் யார் ஆத்திரப்படுகிறார்கள்?

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் கஸ்பார் மேலே வந்தார். படி ஏறின மூச்சு அடங்கவில்லை.

"மேரிம்மா, மூட்டை ஸ்டாக் இருக்கா?"

"தீந்துடுச்சு சார். ஓட்டணும். யாருக்கு?"

கஸ்பார் மெஷின் பக்கம் பார்த்தார். அருள்நாதன் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காக்கிநாடால புதுசா ஆபீஸ் தொறக்கறாங்க. மெஷின் வாங்கியாச்சு. சுத்தத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். நம்ம அருளு போறாரு."

அருள்நாதன் துடைப்பதை நிறுத்தவில்லை. "சரி சார்" என்றான். யாராவது டீ வேண்டுமா என்று கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்வான். கஸ்பார் இறங்கிப் போனார்.

அடைக்கலமேரி பீரோவைத் திறந்தாள். மூட்டை ஸ்டென்சிலை எடுத்தாள். போன தடவை மை அடைத்துக்கொண்டு எழுத்துக் கண்ணெல்லாம் மூடிக் கிடந்தது. அருள்நாதன் அதை வாங்கி, துடைத்து, ஜன்னலோரக் கொடியில் மாட்டினான். தன்னை ஊரைவிட்டு அனுப்பப்போகிற தாளைக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துடைத்த ஆள் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

அவள் டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை. இந்த மனுஷன் இல்லாத இந்த அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தாள்கள் தொங்கும். வெளிச்சம் நெளியும். டீ வரும், டம்ளர் திறந்தே இருக்கும். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. இவனை விட்டுவிட்டால் தன்னால் தாங்காது என்பது, பஸ் கிளம்பின பிறகு எந்த ஊர்ப் பஸ் என்று தெரிவது மாதிரி அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு எப்படி என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

ஆடிக் காற்று தெருப்பக்க ஜன்னலில் நுழைந்து கடல்பக்க ஜன்னலில் வெளியேறிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்த தாளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. ஜன்னலோரத் தாளின் ஒரு கிளிப் நழுவியது. அவள் பார்த்தாள். கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். கை நீளவில்லை. அருள்நாதனும் பார்த்தான். அவனும் ஓடி வரவில்லை. இன்னொரு கிளிப்பும் விட்டதும் மூட்டைக் கடிதம் நிதானமாக ஜன்னலைத் தாண்டியது. இரண்டு பேரும் வந்து ஜன்னலில் நின்றார்கள். அது ரயில் பாதைக்கு மேலே போயிற்று. காயப்போட்ட வலைக்கு மேலே போயிற்று. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது போலப் புரண்டு, வெயில் பட்டு உள்ளிருந்த எழுத்தெல்லாம் மினுங்க, கடல்மேல் நீலத்தோடு நீலமாகப் போய்விட்டது.

"காத்து ஜாஸ்தி" என்றான் அருள்நாதன்.

"ஆமா" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்கள் என்று கீழே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு மேலே பார்க்க எப்படி நேரம் கிடைத்ததோ.

ஸ்டென்சில் போனால் போகிறது, மாதிரி இருக்கிறதே; அன்றைக்கே புதிதாக அடித்திருக்கலாம். கஸ்பாரும் அப்படித்தான் சொன்னார். மற்ற இரண்டு ஹெட்கிளார்க்கும் மாதாந்திரக் கூட்டத்துக்கு வந்திருந்த நேரம். அடைக்கலமேரி மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பழசையே அடிச்சிடட்டுமா சார், இல்ல திருத்தம் எதாச்சும் இருக்கா?"

அந்தக் கூட்டத்தில் அதற்குமுன் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. கிருஷ்ணப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா கேட்டேம்மா! எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன். 'மாற்றப்படுகிறார்'னு மொட்டையா கீது. எப்போ? இன்னிக்கா, அடுத்த ஜென்மத்துலயா? 'உடனடியாக' போடு!"

"உடனடியாக போனா புள்ளைங்க படிப்பு இன்னா ஆவறது?" என்றார் வேலப்பன். "மனுசனாட்டம் எழுதணும். தயவுகூர்ந்துன்னு ஆரம்பிக்கணும்."

"தயவுகூர்ந்து போறதுக்கு அவன் இன்னா மாமியார் வூட்டுக்கா போறான்?"

கஸ்பார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இப்படியாக மூட்டைக் கடிதத்தின் வாசகம் புறப்பட்டது. கம்பெனி வேனில் திருவொற்றியூர் போகும், ஒரு வார்த்தை கூடி எண்ணூர் போகும், இரண்டு வார்த்தை குறைந்து ராயபுரம் வரும், அவள் சுத்தமாகத் திருப்பி அடிப்பாள், மறுபடி புறப்படும். கையெழுத்துச் சேராதவரை மூட்டை இல்லை. மூட்டை இல்லாதவரை கம்பெனியில் யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது.

அது ஒரு விசித்திரமான காலம். ஆபீசுக்கு யாரோ தாலாட்டுப் பாடிவிட்டது போலிருந்தது. மேனேஜரைக் கண்டால் பதுங்குகிறவர்கள் அவர் எதிரிலேயே வெற்றிலை போட்டார்கள். தூத்துக்குடிக்குப் போகப்போகிறோமென்று படுக்கையைக் கட்டி வைத்திருந்த, கீழே கணக்கு எழுதும் லூயிஸ் அதை அவிழ்த்து விரித்துப் படுத்துக்கொண்டார். வாசலில் ஒரு முருங்கைக் கிளையும் நட்டார். வெளிக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்த்தால் அவற்றுக்கும் ஏதோ வாசகம் முடிவாகவில்லை போலத் தோன்றியது. மேலே, நீலத்தாள்களுக்கு நடுவில், அருள்நாதன் மெதுவாகச் சுற்றினான். அவள் மெதுவாக அடித்தாள். எந்த நாள் எந்தக் கிழமை என்பதே சில சமயம் அவளுக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும்.

கீழ்வீட்டு மங்கம்மா அதைக் கவனிக்காமல் இருப்பாளா? கவனிப்பதற்காகவே வாடகை கொடுத்துக் குடியிருப்பவள் அவள்.

"இன்னாமே மேரி, கொடத்துல தண்ணி ரொம்பி வழியுது, நீ பாட்டுக்கு வானத்த பாத்துகினு கீறே?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா? அந்த மெஷின்காரரு ஊருக்குப் போறாராமே?"

"இன்னும் முடிவாவல."

"லெட்டரு முடிவாவல. சர்தான். நீ முடிவாயிட்டியா?"

அடைக்கலமேரி குடத்தைத் தூக்கினாள். தளும்பி முழங்கை நனைந்தது.

"அவரு இன்னா நெனைக்கிறாருன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்?"

"கேளேன்."

"எப்டி கேக்கறது?"

"வாயாலதான். இவ்ளோ லெட்டரு அடிக்கிறியே, உனுக்கு ஒரு வார்த்த அடிக்க வரலியா?" என்று சொல்லிவிட்டு மங்கம்மா தன் குடத்தை வைத்தாள். மற்றவர்களுக்கு வழி சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சொந்தப் புருஷனோடு பேசி வருஷக்கணக்காகிறது என்பது வேறு சங்கதி.

ஆடி முடியும்போது மேனேஜருக்குப் பொறுமையும் முடிந்தது. காக்கிநாடா மெஷின் ரயிலேறிவிட்டது. அவர் அடைக்கலமேரியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வேன்ல நீயே போம்மா. மூணு கையெழுத்தும் வாங்காம திரும்பி வராதே" என்றார்.

அவள் மேலே வந்து கடைசி வாசகத்தைச் சுத்தமாக அடிக்க உட்கார்ந்தாள். 'உடனடியாக' ஒரு இடத்தில் வந்தது. 'தயவுகூர்ந்து' ஒரு இடத்தில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத மாதிரி தூரமாக வைத்தாள். எதிர்ப்பக்கம் அருள்நாதன் அவள் டம்ளரின் மேல் அட்டையை வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. விரல் அடித்துக்கொண்டே போயிற்று. முடித்துத் தாளை உருவிப் பார்த்தபோது கையெழுத்துக்கு மேலே ஒரு புதிய வரி இருந்தது:

'கணவன், மனைவி இருவரும் நம் நிறுவனத்திலேயே பணிபுரியும் பட்சத்தில், இருவரையும் ஒரே ஊரில் அமர்த்துவது நிறுவனத்தின் வழக்கம்.'

நிறுவனத்துக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அப்படி ஒரு கணவன் மனைவியும் கிடையாது. அந்த வரி மற்ற வரிகளோடு வரிசையாக, வெகுநாளாக அங்கேயே இருப்பது போல உட்கார்ந்திருந்தது. இது யார் போட்டது என்று யாராவது ஒருத்தர் கேட்டால் நான்தான் என்று சொல்லிவிடுவது, பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு அவள் படியிறங்கினாள். சொன்னால் சாவி போய்விடும். சாவி போனால் அறையும் போய்விடும்.

கஸ்பார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"வேலப்பன் வேலையா?" என்று அவர் தனக்குத்தானே முனகினார். "அந்தாளுக்குத்தான் குடும்பம், கொழந்தைன்னு மனசு உருகும். இதைப் போய் நான் ஏன்னு கேட்டா இன்னும் ஒரு மாசம் இழுப்பாரு." கையெழுத்தைப் போட்டார். "போம்மா, போ. இந்த சனியன் முடியட்டும்."

வேன் கடலோரமாகவே வடக்கே போயிற்று. திருவொற்றியூரில் கிருஷ்ணப்பன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பென்சிலால் தட்டினார். எங்கே தன் 'உடனடியாக' என்று தேடி, அது இருக்கிறதென்று கண்டதும் முகம் மலர்ந்தது.

"இந்தக் கடேசி லைனு மேனேஜர் சொன்னதாத்தான் இருக்கும். மேலெடத்து சமாச்சாரம். நம்ம இன்னாத்துக்குத் தெரியாத மாதிரி காட்டிக்கணும்?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எனக்கு மொதல்லயே தெரியும்மா."

அடைக்கலமேரி தலையசைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை.

எண்ணூர் போகும் வழியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக வெயிலில் எழும்பி நின்றன. வேன் ஓடுகிறதா, அவை நகர்ந்து போகின்றனவா என்று தெரியவில்லை. மடியில் தாளை வைத்துக்கொண்டு, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டாள். கழிமுகம் வந்தபோது தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளியாக இருந்தது. இந்த வேன் நிற்காமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

வேலப்பன் படித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிருஷ்ணப்பனா போட்டது? கல்லுன்னு நெனச்சேன் அந்த மனுசன. பாரேன், உள்ளுக்குள்ள இம்மாம் ஈரம் கீது!"

மூன்றாவது கையெழுத்தும் விழுந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்காதது அவள் குற்றமா?

மறுநாள் மத்தியானம் புது ஸ்டென்சில் உருளையில் ஏறியது. அருள்நாதன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் தாள் சரிந்து விழுந்தது. அச்சு சமமாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவன் எப்போதும் முதல் தாளை முழுக்கப் படிப்பான். அன்றைக்கும் படித்தான். கடைசியில் வந்து நின்றான். அடைக்கலமேரி டைப் மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். நேற்றும் போட்ட எண்ணெய்தான்.

"இந்த லைன் புதுசா கீது."

"ஆமா."

"யாரு போட்டது?"

ஒரு நாள் முழுக்க மூன்று ஆபீசில் யாரும் கேட்காத கேள்வி. அவள் எண்ணெய்க் குப்பியை மூடினாள்.

"நான்தான்."

அவன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டான். கொடித் தாள்கள் அசைந்தன. வெளிச்சப் பொடி அவன் சட்டைமேல் ஏறி இறங்கியது.

"நம்ம ஆபீசுல புருஷன் பொஞ்சாதி யாரும் இல்லியே."

"இல்ல."

"அப்போ இது யாருக்கு?"

"யாராச்சும் இருந்தா அவங்களுக்கு."

கீழே ஒரு லாரி வந்து, திட்டு வாங்கிக்கொண்டு, திரும்பிப் போயிற்று. அருள்நாதன் தாளை மெஷின்மேல் வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கணும்னா, சனிக்கிழமைக்குள்ள ஃபாதர்கிட்ட பேரு குடுத்துடணுமாம்."

கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பதுதான் ஓலை. பெயர் கொடுக்கும் முறையை இந்த மனுஷன் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"நான்தான் போய் கேட்டேன். காக்கிநாடா சேதி வர்றதுக்கு முன்னாடியே. சித்திரையில."

"சித்திரையிலயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

அவன் பீரோவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"எப்டி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் இதுல ஒரு மாதிரி கீது. இதுக்கு மட்டும் இல்ல."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள். கீழே கஸ்பார் தலையைத் தூக்கிப் பார்த்தார் என்று கேள்வி.

கல்யாணம் ஆகட்டும் என்று மேனேஜர் மூட்டையை நிறுத்திவைத்தார். ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல ராயபுரத்தில் ஆளில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கத்தான் ஆளிருந்தது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. மங்கம்மா வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் இது தன் யோசனையென்று சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தியில் மூன்று ஹெட்கிளார்க்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வரியைப் பற்றிப் பேச்சு வந்தது. நல்லது நடந்துவிட்டதல்லவா, இப்போது அதற்கு அப்பன் வேண்டும். "நான் ஒத்துக்கலன்னா அது நின்னிருக்குமா?" என்றார் கஸ்பார். "என் எண்ணூர்ல பொறந்த யோசனை அது" என்றார் வேலப்பன். "ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா, அத்த போடச் சொன்னதே நானு" என்றார் கிருஷ்ணப்பன். மணப்பெண் மூன்று இலைக்கும் பாயசம் ஊற்றச் சொன்னாள்.

அருள்நாதன் இனி ராயபுரத்திலேயே இருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். மேனேஜர் ஒருத்தர்தான் அந்த வரியைக் கடைசிவரை படித்தவர். கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஒரே ஊர்லதானே வைக்கணும்? வச்சிடலாம். காக்கிநாடாவுக்கும் டைப்பிஸ்ட் வேணும். அங்கேயும் ஒரு பீரோ வாங்கிப் போட்டிருக்காங்க, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். "ரெண்டு தாள் எதுக்கு? ஒரே மூட்டையில ரெண்டு பேரையும் அடிச்சிடும்மா."

அடைக்கலமேரி மாடிக்கு வந்தாள். கல்மண்டபம் இல்லாமல், குழாயடி இல்லாமல், இந்தக் கடலுக்கு மேலே தொங்கும் இந்த அறை இல்லாமல் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். வலித்தது, ஆனால் தாங்குகிற வலியாக இருந்தது. அருள்நாதன் ஒரு தாளைச் சுற்றி எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதை டைப் மெஷினில் ஏற்றினாள். பெயருக்காக விட்டிருந்த இடம் ஒரு ஆளுக்கு அளந்தது. அவன் பெயரை அடித்தாள். பக்கத்தில் இடம் கொஞ்சம்தான் மிச்சம்.

"புடிக்குமா?" என்று அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"நெருக்கி அடிச்சா புடிக்கும்" என்று சொல்லி, அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தாள்.